சைடு இன்கம்: கூரத்திலிருந்து ஒரு கணக்கு

ரொம்ப நாளாகப் பேச்சே இல்லாத ஒருவர் போன் செய்து, "சாப்டாச்சா, பசங்க எப்படிப் படிக்கறாங்க" என்றெல்லாம் விசாரித்துவிட்டு, "உங்ககிட்ட ஒரு பத்து நிமிஷம் நேர்ல பேசணும், போன்ல சொல்ற விஷயம் இல்ல" என்று இழுத்தால், எங்கள் பக்கத்தில் இப்போது எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிடுகிறது. பத்திரிகை வைக்க வரவில்லை. கடன் கேட்கவும் வரவில்லை. ஒரு "சின்ன பிளான்" காட்டப் போகிறார்கள்.

கேலி செய்வதற்காக இதை எழுதவில்லை. விடிகாலையில் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் போகிற எங்கள் ஊர்ப் பையன்களில் பலர் கான்ட்ராக்ட்தான். அடுத்த வருஷம் அதே கேட்டுக்குள் விடுவார்களா என்பது அவர்களுக்கே தெரியாது. தறியை நம்பியிருக்கிற வீடுகளில் ஆடியில் ஒரு கதை, ஆவணியில் ஒரு கதை. ஐப்பசி மழையில் குழித்தறியில் தண்ணீர் ஊறினால் அந்த மாதம் கூலியே இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் யாராவது வந்து "வேலையை விடாம, வீட்டுல இருந்தே மாசம் கூடுதலா சம்பாதிக்கலாம்" என்றால் காது கொடுக்கத்தான் தோன்றும். நான் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் கணக்கு எழுதுகிறவள். எனக்கும் அந்த போன் வந்திருக்கிறது, போய் உட்கார்ந்து கேட்டும் இருக்கிறேன். கேட்டதை எனக்குத் தெரிந்த ஒரே வழியில், வரவு செலவாகப் போட்டுப் பார்த்ததுதான் இந்தப் பதிவு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடு வீடாகவோ வாட்ஸப்பிலோ பொருள் விற்று நாலு காசு பார்க்க முடியும். பார்க்கிறவர்களை எனக்குத் தெரியும். அந்தக் காசு சிறியதாக இருக்கும், மெதுவாக வரும், விற்ற பொருளின் மார்ஜினிலிருந்து மட்டும்தான் வரும். மண்டபத்தில் மைக் பிடித்துச் சொல்கிற வருமானம் வேறு ஒன்றிலிருந்து வருகிறது.

மண்டபம் என்றேனே, அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்தம் இல்லாத நாள், ஏசி இல்லாத கல்யாண மண்டபம். வாசலில் கோட் சூட் போட்ட பையன்கள் வரிசையாக நின்று கை குலுக்குகிறார்கள். மேடையில் ப்ரொஜெக்டர். முதல் அரை மணி நேரம் பொருளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கார் படம், பாங்காக் டூர் படம், காலமெல்லாம் உழைத்து ஓய்ந்த அப்பாவின் படம். பிறகு வட்டம் போடுகிறார்கள்: நடுவில் நீங்கள், இடது பக்கம் ஒருவர், வலது பக்கம் ஒருவர். லெஃப்ட், ரைட், பேர் மேட்சிங், பிவி, கேப்பிங், சில்வர், பிளாட்டினம், டயமண்ட் என்று வார்த்தைகள் மழையாகக் கொட்டுகின்றன. கடைசியில்தான் ஒரு ஷாம்பு பாட்டிலும் ஒரு புரோட்டீன் பவுடர் டப்பாவும் மேடைக்கு வருகின்றன, மாப்பிள்ளைத் தோழன் மாதிரி.

கார் படமும் தங்கச் செயின் படமும் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கூரத்தாழ்வான் கதைதான் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊரான கூரத்திலேயே பெரிய பணக்காரர் என்று பேர் வாங்கியவர் அவர். ராத்திரி அவர் மாளிகைக் கதவு மூடுகிற சத்தம் காஞ்சி பெருந்தேவித் தாயாருக்கே கேட்டதாம். அவர் எல்லாவற்றையும் தானம் செய்துவிட்டு ராமானுஜரைத் தேடி ஸ்ரீரங்கத்துக்கு நடக்கிறார். காட்டு வழியில் மனைவி ஆண்டாள் பயப்படுகிறார். மடியில் என்ன என்று கேட்டால், கணவர் சாப்பிடுவதற்கு என்று எடுத்து வந்த தங்க வட்டில். வாங்கித் தூக்கி எறிந்துவிட்டு நடந்தார் என்று குருபரம்பரைக் கதை சொல்கிறது. அந்த ஊரில் வந்து தங்கப் படம் காட்டுகிறார்கள். சரி, நாம் ஆழ்வான் இல்லை, நமக்கு கேஸ் சிலிண்டர் வாங்க வேண்டும். கணக்குக்கு வருவோம்.

"நீங்க ரெண்டு பேரைச் சேருங்க, அவங்க ஆளுக்கு ரெண்டு பேரைச் சேர்ப்பாங்க, அவ்வளவுதான்." கேட்க எளிதாக இருக்கிறது. உங்களை முதல் வரிசையாக வைத்து எண்ணிப் பாருங்கள். 1, 2, 4, 8 என்று பத்தாவது வரிசை வரும்போது மொத்தம் 1,023 பேர். இருபதாவது வரிசையில் 10,48,575 பேர். 2019-ல் செங்கல்பட்டு தனியாகப் பிரிந்த பிறகு நம் மாவட்டத்தில் இருக்கிற ஜனமே, தொட்டில் குழந்தையையும் சேர்த்து, 2011 கணக்கெடுப்புப்படி சுமார் 11.66 லட்சம்தான். ஆளுக்கு ஐந்து பேர் என்கிற பிளானும் உண்டு. அதில் உங்களுக்குக் கீழே பதின்மூன்றாவது வரிசை நிரம்பும்போது மொத்தம் 152 கோடி ஆகிவிடும். இந்தியாவில் அவ்வளவு பேர் இல்லை.

ஆள் தீர்ந்துபோகும் என்பதை மேடையில் இருக்கிறவர்களும் ஒருவேளை ஒப்புக்கொள்வார்கள். "அதுக்குள்ள நாம டயமண்ட் ஆயிடுவோம்" என்பார்கள். எனக்கு உறுத்தியது வேறு. இரண்டிரண்டாகப் போகிற கணக்கில், நீங்கள் எந்த வரிசையில் நிறுத்தினாலும், கடைசி வரிசையில் இருப்பவர்கள் மொத்தத்தில் பாதி. இருபதாவது வரிசையில் மட்டும் 5,24,288 பேர். அவர்களுக்குக் கீழே ஒருவரும் இல்லை. ஐந்தைந்தாகப் போனால் கடைசி வரிசை மட்டும் ஐந்தில் நாலு பங்கு. திறமை, உழைப்பு, நேர்மறை எண்ணம் எது இருந்தாலும் இந்த விகிதம் மாறாது. ஆள் சேர்ப்பதில்தான் வருமானம் என்றால், குறைந்தது பாதிப் பேர் எப்போதும் வெறுங்கையோடு இருந்தால்தான் அந்த வண்டியே ஓடும்.

"எல்லா கம்பெனியும் அப்படி இல்ல அண்ணி, நாங்க ப்ராடக்ட் விக்கிறோம்" என்றான் என்னைக் கூட்டிப்போன தம்பி. வாஸ்தவம், எல்லாம் ஒன்றில்லை. அதனால் அந்தத் துறையே வெளியிட்ட எண்ணை எடுத்தேன். இந்திய நேரடி விற்பனைச் சங்கத்தின் ஆய்வுப்படி 2022-23-ல் நாடு முழுக்க மொத்த விற்பனை 21,282 கோடி ரூபாய், விற்பனையாளர்கள் சுமார் 86 லட்சம் பேர். வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு வருஷத்துக்கு 24,700 ரூபாய் சொச்சம், மாதத்துக்கு இரண்டாயிரத்துச் சில்லறை. கவனிக்க வேண்டும், இது வருமானம் இல்லை, விற்பனை. நூற்றுக்கு இருபத்தைந்து கமிஷன் என்று தாராளமாக வைத்தாலும் மாதம் ஐந்நூறு ரூபாய். அந்த விற்பனையிலும் விற்பவரே தன் வீட்டுக்கு வாங்கிக்கொண்டது எவ்வளவு என்பது தனிக் கதை. மேலே இருக்கிற சிலருக்கு லட்சம் வருகிறது என்றால், இந்தச் சராசரியை இழுத்துப் பிடித்திருப்பது அவர்கள்தான், மற்றவர்களுக்கு ஐந்நூறும் இல்லை என்று அர்த்தம்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே வணிக முறைகேடுகளைக் கவனிக்கிற ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024 செப்டம்பரில் 70 கம்பெனிகளின் வருமான அறிக்கைகளைப் பார்த்துவிட்டுச் சொன்னது: சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வருஷத்துக்கு ஆயிரம் டாலரோ அதற்கும் குறைவோதான் கிடைத்திருக்கிறது. குறைந்தது 17 கம்பெனிகளில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே இல்லை. செலவைக் கழித்துக் காட்டாத எண்கள் இவை.

அதே கமிஷன் 1979-ல் ஆம்வே வழக்கில் அந்தக் கம்பெனி ஆள் சேர்ப்பிலேயே ஓடுகிற பிரமிட் திட்டம் இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. அதற்கு ஒரு காரணம், கம்பெனி தன் ஆட்களுக்கு வைத்திருந்த விதிகள். வாங்கிய சரக்கில் 70 சதவீதமாவது விற்ற பிறகே போனஸ், மாதம் பத்து வெளி வாடிக்கையாளருக்காவது விற்றிருக்க வேண்டும், விற்காத சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பத்து வாடிக்கையாளர் விதி எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. தம்பியிடம் கேட்டேன்: "உன் டீம்ல இல்லாத, உன் பிளானே தெரியாத, இந்தச் சோப்பு நல்லா இருக்குன்னு மறுபடி கேட்டு வாங்குற பத்துப் பேர் சொல்லு." யோசித்து நாலு பேர் சொன்னான். அதில் ஒன்று அவன் அம்மா.

நம் நாட்டில் அதே கம்பெனியின் கதை வேறு பக்கம் போனது. 1998-ல் இங்கே விற்பனை தொடங்கி, திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டையில் பெரிய தொழிற்சாலையும் கட்டினார்கள். 2022 ஏப்ரலில் அமலாக்கத் துறை 757.77 கோடி ரூபாய் சொத்தை முடக்கியது, நிலக்கோட்டை நிலமும் கட்டடமும் அதில் அடக்கம். நேரடி விற்பனை என்ற பெயரில் பிரமிட் மோசடி என்பது துறையின் குற்றச்சாட்டு. இது 2011-லிருந்து நடக்கிற பழைய விசாரணை, நாங்கள் ஒத்துழைத்து வருகிறோம், சட்டப்படிதான் நடக்கிறோம் என்பது கம்பெனியின் பதில். யார் சரி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பது தெரிந்திருந்தால் நமக்கு நல்லது. ஆளைச் சேர்த்தால் பணம் என்கிற ஏற்பாட்டை 1978-லேயே பண சுழற்சித் திட்டத் தடைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். 2021 டிசம்பர் 28-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நேரடி விற்பனைக்கென்றே தனி விதிகள் வந்தன. சேருவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். சேர்ந்த பிறகு மனம் மாறினால் விலகிக்கொள்ளக் கால அவகாசம் தர வேண்டும். வீட்டுக்கு வருகிறவர் அடையாள அட்டையோடு, முன்பே சொல்லிவிட்டு வர வேண்டும். குறை சொன்னால் 48 வேலை மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில், ஒரு மாதத்துக்குள் தீர்வு.

இதில் முதல் விதியை எப்படித் தாண்டுகிறார்கள் என்பதுதான் சாமர்த்தியம். "ஜாயினிங் ஃப்ரீ அக்கா, ஒரு ரூபாய் கட்ட வேண்டாம்." நிஜம்தான். ஆனால் ஐடி "ஆக்டிவ்" ஆக வேண்டுமென்றால் ஒரு பேக்கேஜ் எடுக்க வேண்டும். மாதா மாதம் இத்தனை பிவி, அதாவது வாங்கிய சரக்குக்கான பாயின்ட், ஓட வேண்டும். கட்டணம் ஷாம்பு பாட்டிலுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. எங்கள் தெருவில் ஒரு அக்கா வீட்டு ஷோகேஸில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தரை துடைக்கிற திரவ பாட்டில்கள் அடுக்கி இருக்கின்றன. ஒரு மூடி கலந்தால் வீடே துடைக்கலாம் என்று சொல்லி விற்கிற சரக்கு அது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் ஏகாம்பரநாதர் கோயில் பிரகாரத்தையே துடைத்துவிடலாம். வாங்க ஆள் இல்லை, ஏனென்றால் தெருவில் இன்னும் மூன்று வீட்டிலும் அதே பாட்டில் ஷோகேஸில் இருக்கிறது.

வடமாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு பெயரும் மறக்காது. ஆருத்ரா. அது நேரடி விற்பனை இல்லை, டெபாசிட். ஆனால் ஊருக்குள் வந்த வழி அதேதான்: தெரிந்தவர், சொந்தக்காரர், கூட வேலை செய்கிறவர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டினார்கள் என்று பொருளாதாரக் குற்றப்பிரிவு சொன்னது. அதற்குப் பிறகு சில குடும்பங்களில் மாமன் மச்சான் பேச்சுவார்த்தையே இல்லை. கம்பெனியை யாரும் திட்டவில்லை, "நீ சொல்லித்தானே போட்டேன்" என்கிறார்கள்.

இனி நல்ல பக்கம். நேரடி விற்பனை நம் ஊருக்குப் புதிது கிடையாது. சைக்கிள் கேரியரில் சேலை மூட்டை கட்டிக்கொண்டு தவணைக்கு விற்றவர்களை நாற்பது வயசு தாண்டியவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். 1953-ல் கைத்தறித் துணி தேங்கி நெசவாளிகள் பட்டினி கிடந்த நேரத்தில், எங்கள் காஞ்சிபுரத்து அண்ணாவும் தி.மு.க. தலைவர்களும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக விற்றார்கள். எந்த லெஃப்ட் ரைட்டும் இல்லாத விற்பனை அது.

இப்போது தோள் போய் வாட்ஸப் வந்திருக்கிறது. கடையில் என் மேசைக்கு எதிரிலேயே தினமும் நடப்பதால் இதைப் பற்றி விலாவாரியாகச் சொல்ல முடியும். "டைரக்ட் ஃப்ரம் வீவர்" என்று போட்டு ஆயிரம் பேர் சேலை விற்கிறார்கள். அதில் ஒரு சின்ன விவரம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. தறியில் ஓடுகிற சேலை பெரும்பாலும் நெசவாளியுடையது இல்லை. பட்டும் ஜரிகையும் டிசைனும் முதலாளியோ சொசைட்டியோ கொடுத்தது, நெய்கிறவருக்குக் கூலி. அவர் அதை எடுத்து வெளியே விற்க முடியாது. சொந்தப் பாவு போட்டு நெய்தால்தான் விற்கலாம். ஒரு பாவில் மூன்று நாலு சேலை வரும். கர்நாடகத்துப் பட்டு, சூரத்து ஜரிகை, சாயக் கூலி என்று எல்லாவற்றுக்கும் முதலிலேயே கையில் காசு வேண்டும். கரையைத் தனியாகக் கோத்து நெய்கிற கோர்வை சேலை என்றால் கூட ஒரு ஆளும் வேண்டும். நெய்து முடித்து, விற்று, காசு கைக்கு வருகிறவரை வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அதனால்தான் தறி வைத்திருக்கிறவர் விற்பனையாளர் ஆவது அபூர்வம், போன் வைத்திருக்கிறவர் ஆவது சுலபம்.

அப்படியும் ஆனவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையார்பாளையத்தில் ஒரு குடும்பம். அப்பா கூலிக்கு நெய்கிற தறி ஒன்று, மகன் சொந்தப் பாவு போட்ட தறி ஒன்று. மருமகள்தான் விற்பனை. அவரிடம் இருப்பது ஒரு நோட்டும் ஒரு போனும். பெங்களூரு, கோவை, சிங்கப்பூர் என்று பழைய வாடிக்கையாளர்கள், எல்லாரும் ஒருமுறை வாங்கி, கட்டிப் பார்த்து, அக்கா தங்கைக்குச் சொன்னவர்கள். அந்தச் சிபாரிசுக்கு யாருக்கும் கமிஷன் கிடையாது. வெளிச்சத்தில் ஒரு படம், நிழலில் ஒரு படம், முந்தியை விரித்து ஒரு வீடியோ எடுப்பார், ஏனென்றால் கலர் மாறித் தெரிந்தால் சேலை திரும்பி வரும், இரண்டு பக்கக் கூரியர் காசும் போகும்.

சொந்தத் தறி இல்லாதவர்கள் கடையிலிருந்து படம் வாங்கி, மேலே கொஞ்சம் வைத்து அனுப்புகிறார்கள். ரீசெல்லர் என்று பெயர். மீஷோ 2015-ல் தொடங்கியபோது இப்படிப்பட்ட பெண்களை நம்பித்தான் வளர்ந்தது. பேச்சுக்கு ஒரு கணக்கு: 9,000 ரூபாய் சேலையை 10,000-க்கு விற்றால் ஆயிரம் லாபம் என்று தோன்றும். கூரியர், ஃபால்ஸ், ஃபிரண்டுக்கு விட்டுக்கொடுத்த இருநூறு, திரும்பி வந்த ஒரு சேலையின் நஷ்டத்தில் இதன் பங்கு எல்லாம் போக ஐந்நூறு அறுநூறு நின்றால் பெரிய விஷயம். ஆனால் அந்த அறுநூறு நிஜம். அது யாரையும் ஏமாற்றவில்லை. வாங்கியவள் கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போகிறாள்.

இந்தத் தொழிலைக் கொல்வது போட்டி இல்லை, கடன். "பொங்கலுக்குள்ள குடுத்துடறேன்டி" என்று சொந்தக்காரி எடுத்துப்போன சேலைக்கு அடுத்த பொங்கலில் எப்படிப் போய்க் கேட்பது? கேட்டால் உறவு போகும், கேட்காவிட்டால் முதல் போகும். பிள்ளையார்பாளையத்து மருமகளின் நோட்டில் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது: பாதிப் பணம் வராமல் சேலை மடிக்கக் கூடாது. நாத்தனாருக்கும் அதே விதி. கல்நெஞ்சுக்காரி என்று பேர் வாங்கியிருக்கிறார், தொழிலும் நிற்கிறது.

இன்னொன்று, தெரியாததை விற்கக் கூடாது. ஒரிஜினல் காஞ்சிப் பட்டு என்று சொல்லி பவர்லூம் சேலையை விற்றுவிட்டால் ஒரே முறைதான் விற்க முடியும். சில்க் மார்க் சீட்டு பட்டுக்குத்தான் உத்தரவாதம், கைத்தறியா என்பதற்கு இல்லை. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருப்பதாலேயே எல்லாச் சேலையும் அந்தக் குறியீட்டுக்குள் வந்துவிடாது. இந்த வித்தியாசத்தை வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்பே சொல்கிற ரீசெல்லரை நான் தைரியமாகக் கடை முதலாளியிடம் அறிமுகப்படுத்துவேன்.

பட்டு வேண்டாம், முதல் இல்லை என்கிறவர்களுக்கு எங்கள் பக்கம் வேறு வழிகளும் உண்டு. குச்சு கட்டுவது, ஃபால்ஸ் தைப்பது எல்லாம் கடைக்காரர்களே வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிற வேலை. இட்லிப் பொடி, வற்றல் போட்டு விற்கிறவர்களும் இருக்கிறார்கள். சிறிய அளவில் உணவு விற்பதற்கான பதிவுக்கு ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய்தான். மகளிர் குழுவில் இருந்தால், குழுப் பொருட்களுக்கான மதி என்கிற பிராண்டு பெயரில் விற்கவும் வழி இருக்கிறது. இது எதற்கும் மண்டபத்தில் கைதட்ட வேண்டியதில்லை.

ஷோகேஸ் அக்காவுக்கு வருவோம். அவர் சேர்ந்தபோது கையெழுத்துப் போட்ட தாளைத் தேடி எடுக்கச் சொன்னேன். பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் இருந்தது. பிரிக்காத சரக்கைத் திருப்பித் தரலாம் என்று ஆறாவது பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அவரைச் சேர்த்துவிட்ட அப்லைனுக்கே அது தெரியவில்லை, அல்லது தெரியாத மாதிரி இருந்தார். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போட்டோம், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிந்தோம். பிரிக்காத பாட்டில்கள் போய்விட்டன, பணம் பாதி வந்திருக்கிறது. மீதிக்கு அந்த ஒரு மாதக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்கு நடுவில் "அக்கா, இப்ப ஆஃபர் போகுது, மறுபடி ஆக்டிவ் ஆயிடுங்களேன்" என்று அப்லைன் போன் செய்துகொண்டிருக்கிறார். பிரித்த பாட்டில்களை வைத்து அக்கா வாசல் திண்ணையைக்கூட விடாமல் துடைத்துத் தீர்த்துக்கொண்டிருக்கிறார். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் சுத்தமாகிறது.